கோர்ட் டிகிரி என் பீரோவில், கடன்காரர் கர்நாடகாவில்: இனி எப்படி வசூல் செய்வது?

சென்னிமலை தறிக்காரி:

வணக்கமுங்க. சென்னிமலையில் எட்டு பவர்லூம் வைத்து பெட்ஷீட், துண்டு ஓட்டுகிறேன். என் வீட்டுக்காரர் ஆரம்பித்தது, அவர் போன பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன்.

2017 தீபாவளி கழிந்து 2018 மாசி வரைக்கும், ஈரோட்டில் கடை வைத்திருந்த ஒரு வியாபாரிக்கு ஆறு பில்லில் சரக்குப் போட்டேன். 4,10,000 ரூபாய் நின்றுபோனது. அவர் கொடுத்த செக் ஒன்று திரும்பி வந்தது. "அக்கா, கேஸ் கீஸ் வேண்டாம், பங்குனியில் முடிச்சுடறேன்" என்றார். நானும் நம்பி நோட்டீஸ் விடாமல் இருந்ததில் செக் கேஸுக்கான கெடு போய்விட்டது. 2019 ஜூலையில் சிவில் வழக்குப் போட்டேன். அதற்குள் கடையைக் காலி செய்துவிட்டுக் குடும்பத்தோடு பெங்களூர் பக்கம் போய்விட்டார். சம்மன் இரண்டு முறை "விலாசத்தில் இல்லை" என்று திரும்பியது. கடைசியில் பேப்பரில் விளம்பரம் கொடுத்து, 2022 மார்ச்சில் எக்ஸ்பார்ட்டியாக, அதாவது அவர் வராமலேயே, டிகிரி (கோர்ட் தீர்ப்பாணை) ஆனது. வழக்குப் போட்ட நாளிலிருந்து டிகிரி வரை 9 சதவீதம் வட்டி, அதற்குப் பிறகு 6 சதவீதம், செலவுத் தொகை தனி.

அந்த வருஷமே இ.பி., அதாவது டிகிரியை நிறைவேற்றித் தரக் கேட்கும் மனு, போட்டோம். கோர்ட் அமீனா போய்ப் பார்த்தால் அந்த விலாசத்தில் செல்போன் ரிப்பேர் கடை. 2023 ஆரம்பத்தில் இ.பி.யை முடித்துவிட்டார்கள். "ஆள் வெளி மாநிலம் போயிட்டா கஷ்டம்மா" என்று வக்கீலும் கையை விரித்துவிட்டார். டிகிரி நகல் பீரோவில், என் வீட்டுக்காரரின் இறப்புச் சான்றிதழ் இருக்கும் அதே பிளாஸ்டிக் கவரில் கிடக்கிறது.

போன வாரம் ஒரு நூல் வியாபாரி சொன்னார்: அந்த ஆள் அங்கே மறுபடி ஜவுளிக்கடை நடத்துகிறாராம், போர்டில் மனைவி பெயராம். நான் அங்கே போய்ப் புதிதாக வழக்குப் போட வேண்டுமா? இன்னும் எத்தனை வருஷம் எனக்கு டைம் இருக்கிறது? மனைவி பெயரில் கடை என்றால் ஒன்றும் செய்ய முடியாதா?

சும்மா வந்தவன்:

மேடம், தலை முழுகிட்டு அடுத்த வேலையைப் பாருங்க. இல்லைன்னா நாலு பேரை அனுப்புங்க, ஒரே நாளில் வந்துடும்.

கரூர் நூல் கமிஷன்:

மேலே சொன்னதைக் கேட்காதீங்க அக்கா. நாலு பேரை அனுப்பினால் மிரட்டல் கேஸில் நீங்கள்தான் அங்கே ஸ்டேஷன் வாசலில் நிற்பீர்கள். பணம் தர வேண்டியவன் புகார்தாரர் ஆகிவிடுவான்.

புது வழக்கு தேவையே இல்லை. நான் இதே வேலையைச் செய்து முடித்தவன், எனக்கு 2,75,000. ஆள் கரூரிலிருந்து பெங்களூர். நம்ம ஊர் டிகிரி அங்கேயும் செல்லும். ஆனால் நம்ம கோர்ட் தன் எல்லைக்கு வெளியே போய் ஜப்தி செய்ய முடியாது. அதனால் டிகிரியை அந்த ஊர் கோர்ட்டுக்கு அனுப்பி வைக்கச் சொல்லி நம்ம கோர்ட்டிலேயே மனுப் போட வேண்டும். சிவில் நடைமுறைச் சட்டம் 39-வது பிரிவு. டிரான்ஸ்மிஷன் பெட்டிஷன் என்றால் வக்கீல் குமாஸ்தா வரைக்கும் தெரியும்.

மாநிலம் மாறியதைப் பெரிய சுவர் மாதிரி நினைக்காதீங்க. அவர் ஓசூரில், அதாவது தமிழ்நாட்டுக்குள்ளேயே இருந்திருந்தாலும் இதே மனுதான் போட வேண்டியிருக்கும்.

நான் ஏமாந்த இடத்தைச் சொல்கிறேன். மனு ஆர்டர் ஆக அஞ்சு மாதம். பேப்பரெல்லாம் தபாலில் போய்விட்டது என்றார்கள். அங்கே கோர்ட் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்து எட்டு மாதம் சும்மா இருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. விசாரித்தால், கட்டு அங்கே ஒரு அலமாரியில் தூங்குகிறது. அங்கே வக்கீல் வைத்து நாமே தனியாக இ.பி. போட்டால்தான் அது எழுந்திருக்கும். டிகிரி போவது ஒன்று, இ.பி. இன்னொன்று. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

இ.பி. போட்டு நோட்டீஸ் போனதும் ஆள் ஃபோன் செய்தான். நாலு தவணையில் வாங்கினேன். வட்டியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன், அது வேறு கதை.

பழைய அமீனா:

அம்மா, நான் முப்பத்தொரு வருஷம் கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சர்வீஸ் புத்தகத்தில் கட்டளை நிறைவேற்றுநர் என்று இருக்கும், ஊர் வாயில் அமீனா. ஜப்திக்குப் போய் நாய் கடித்து ஊசி போட்டுக்கொண்டது மூன்று முறை.

முதலில் உங்கள் கெடு. பணம் கொடுக்கச் சொல்லும் டிகிரிக்கு 12 வருஷம். உங்களுக்கு 2034 மார்ச் வரைக்கும் இருக்கிறது. டிகிரியை வேறு கோர்ட்டுக்கு அனுப்பக் கேட்கும் மனு இ.பி. ஆகாது என்பதால், அது நிலுவையில் இருக்கும்போதும் அந்த 12 வருஷம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். போன இ.பி. முடிந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதால், அடுத்ததில் அவருக்கு ஒரு நோட்டீஸ் விட்டுத்தான் மேலே போக முடியும். நோட்டீஸ் வாங்கிய மறுநாளே சரக்கை வேன் ஏற்றிவிடுவார்கள், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். டிகிரி வரை வட்டி 98,400. அதற்குப் பிறகு வருஷத்துக்கு 24,600 வீதம் மூன்றரை வருஷத்துக்கு 86,100. அசலோடு சேர்த்து இந்த 2025 செப்டம்பரில் 5,94,500, செலவுத் தொகை நீங்கலாக. நாலு லட்சம் போச்சு என்று நினைக்கிறீர்கள், ஆறு லட்சம் வர வேண்டியிருக்கிறது.

இப்போது முக்கியமானது. இ.பி. தோற்பது சட்டத்தால் இல்லை அம்மா, விவரம் இல்லாததால். "கடன்காரரின் அசையும் பொருள்களை ஜப்தி செய்ய" என்று மொட்டையாக வாரண்டு கொடுத்து அனுப்புவார்கள். என்ன பொருள், எந்தக் கட்டடம், எந்தத் தெரு, ஒன்றும் இருக்காது. நான் போய் நிற்கிற நேரத்தில் கடை போர்டு மாறியிருக்கும். ஒரு முறை எங்கள் பக்கத்து டவுனில் ஒரு பாத்திரக்கடைக்குப் போனேன். காலையில் ஒரு பெயர், மதியம் வாரண்டோடு போனால் வேறு பெயர். பெயிண்ட் காயவே இல்லை, என் சட்டையில் ஒட்டிக்கொண்டது. உள்ளே மச்சான் உட்கார்ந்துகொண்டு "இது என் கடை" என்கிறான். நான் என்ன செய்ய? எழுதிக்கொண்டு திரும்பி வந்தேன். அதற்கு அப்புறம் உரிமை கோரும் மனு, விசாரணை என்று இரண்டு வருஷம்.

அதனால் கர்நாடகாவுக்கு டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து மூன்று காரியம் செய்யுங்கள்.

உங்கள் பழைய பில்லை எடுங்கள். 2017 நவம்பர் பில் என்றால் அதில் அவருடைய ஜிஎஸ்டி எண் இருக்கும், 33 என்று ஆரம்பிக்கும். 33 தமிழ்நாடு. அதற்கு அடுத்த பத்து எழுத்தும் எண்ணும் அவருடைய பான் நம்பர். ஜிஎஸ்டி தளத்தில் பான் வைத்துத் தேடும் வசதி எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அந்தப் பானில் 29 என்று ஆரம்பிக்கும் எண் ஏதாவது வருகிறதா பாருங்கள், 29 கர்நாடகா. வந்தால் போர்டில் மனைவி பெயர் இருந்தாலும் மகமாயி பெயர் இருந்தாலும் கடை அவருடையதுதான்.

இரண்டாவது, திரும்பி வந்த அந்த செக். எந்த வங்கி, எந்தக் கிளை? ஈரோட்டுக் கிளையாக இருந்து கணக்கு இன்னும் உயிரோடு இருந்தால், அந்தப் பணத்தை முடக்க வெளியூர் போக வேண்டாம். கார்னிஷி மனு என்று வக்கீலிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் நூற்று இருபது ரூபாய்தான் கிடக்கும், ஆனாலும் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. அவருடைய சொந்த ஊர் எது? அப்பா பெயரில் காடு, வீடு ஏதாவது? பதிவுத்துறை தளத்தில் வில்லங்கம் காசில்லாமல் பார்க்கலாம். கடன்காரன் ஊரை விட்டுப் போவான், அப்பன் நிலம் போகாது. அப்பா உயில் எழுதாமல் காலமாகியிருந்தால் இவருக்கு அதில் பாகம் உண்டு. பிரிக்காத பாகத்தையும் ஜப்தி செய்யலாம். ஜப்தி உத்தரவு சார்பதிவாளர் ஆபீசுக்குப் போய் வில்லங்கத்தில் ஏறிவிட்டால், அக்கா தங்கைகள் விற்கப் போகும்போது கிரயம் நிற்கும். அப்புறம் பணம் கேட்பது நீங்களாக இருக்காது, அவருடைய குடும்பமாக இருக்கும். நான் பார்த்ததில் முழுப் பணமும் வசூலான இ.பி.க்களில் பாதிக்கு மேல் இப்படி வந்தவை.

இன்னொன்று. வீட்டில் ஜப்திக்குப் போனால் கட்டியிருக்கும் துணி, சமையல் பாத்திரம், கட்டில், படுக்கை, தாலி இதையெல்லாம் தொட முடியாது. நீங்கள் ஓட்டிய பெட்ஷீட் அவர் வீட்டுக் கட்டிலில் விரித்திருந்தால் தப்பித்தது. கடையில் அடுக்கியிருந்தால் ஜப்தி.

பெங்களூர் கறுப்புக்கோட்டு:

பெங்களூரில் பிராக்டீஸ் செய்யும் தமிழ் வக்கீல். அமீனா ஐயா சொன்னதில் திருத்த ஒன்றும் இல்லை. இந்த ஊர் விஷயம் மட்டும் சேர்க்கிறேன்.

தமிழ்நாட்டிலிருந்து வரும் டிகிரிகளில் அடிக்கடி பார்க்கும் தப்பு, "பெங்களூர்" என்று பொதுவாக எழுதி எல்லாவற்றையும் சிட்டி சிவில் கோர்ட்டுக்கு அனுப்புவது. சிக்பேட்டையில் கடை என்றால் சரி. ஆனால் ஓசூர் ரோட்டில் பொம்மசந்திரா, அத்திபெலே பக்கம் என்றால் அது ஆனேக்கல் தாலுகா, ஆனேக்கல் கோர்ட். தப்பான கோர்ட்டுக்கு வந்துவிட்டால் திரும்பிப் போய் மறுபடி வர ஒரு வருஷம் காலி. கடை எங்கே என்று தெரு வரைக்கும் உறுதி செய்துவிட்டு மனுவில் எழுதுங்கள்.

உங்கள் கோர்ட் அனுப்ப வேண்டியது மூன்று: டிகிரியின் சான்று நகல், டிகிரி இன்னும் நிறைவேறவில்லை என்ற சான்று, ஏற்கனவே இ.பி.யில் போட்ட உத்தரவின் நகல். எது தமிழில் இருந்தாலும் ஆங்கில மொழிபெயர்ப்பு வைத்துவிடுங்கள். வந்து சேர்ந்தபின் எங்கள் கோர்ட்டுக்கு உங்கள் கோர்ட்டின் அதே அதிகாரம் உண்டு. "சரக்கே நான் வாங்கவில்லை" என்று அவர் இங்கே ஆரம்பத்திலிருந்து வாதாட முடியாது.

கவனிக்க வேண்டியது உங்கள் டிகிரி எக்ஸ்பார்ட்டி என்பது. அதை ரத்து செய்ய அவர் உங்கள் ஊர் கோர்ட்டில் மனுப் போடலாம். சாதாரணமாக 30 நாள் கெடு. ஆனால் பேப்பர் விளம்பரம் மூலம் சம்மன் ஆனதால், அந்த 30 நாள் டிகிரி விஷயம் அவருக்குத் தெரிந்த நாளிலிருந்துதான் எண்ணப்படும். "இந்த நோட்டீஸ் வந்துதான் எனக்கே தெரியும்" என்பார். அவருக்கு முன்பே தெரியும் என்று காட்ட ஏதாவது இருக்கிறதா? மெசேஜ், கடிதம், எதுவானாலும்.

கைது பற்றி யாராவது ஆசை காட்டுவார்கள். பணம் இல்லாதவரை டிகிரிக்காக ஜெயிலில் போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே சொல்லிவிட்டது. வசதி இருந்தும் கொடுக்காமல் ஏய்க்கிறார் என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். அப்படிக் காட்டினால் மூன்று மாதம் வரை உள்ளே வைக்கலாம், அவருடைய சாப்பாட்டு பேட்டா நீங்கள் கட்ட வேண்டும். நடப்பில் வாரண்டு கிளம்பும் வரைக்கும் யாரும் காத்திருப்பதில்லை, முந்தின நாள் தவணை பேச வந்துவிடுவார்கள். அதற்கு முன்னால், சொத்து விவரத்தைப் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்யச் சொல்லி உத்தரவு கேளுங்கள். கைதைவிட அது மலிவு.

இ.பி.யை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நடப்பது உங்களுக்கே தெரியும். ஆனாலும் அதைக் காட்டிக் கேட்டால் தேதி கொஞ்சம் கிட்டக் கிட்ட விழும்.

சென்னிமலை தறிக்காரி:

எல்லோருக்கும் நன்றிங்க. இரண்டு நாளாகத் தறிச் சத்தத்துக்கு நடுவில் இதே வேலை. பையன் லேப்டாப்பில் தட்ட, நான் பில் ஃபைலைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பழைய பில்லில் இருந்த பானைப் போட்டதும் இரண்டு எண் வந்தது. 33 ரத்தாகியிருக்கிறது. அதற்குக் கீழே 29, ஆக்டிவ். சட்டப்படியான பெயர் என்ற இடத்தில் அவர் பெயர், கடைப் பெயர் என்ற இடத்தில்தான் மனைவி பெயர் போட்டு "டெக்ஸ்டைல்ஸ்". விலாசம் அத்திபெலே என்று இருக்கிறது. முதலில் எனக்குப் புரியவில்லை, பையன்தான் "அம்மா, பஸ்ஸில் அத்திப்பள்ளின்னு கத்துவாங்களே, அதுதான்" என்றான். சிக்பேட்டை என்று நூல் வியாபாரி சொன்னதை நம்பி எழுதியிருந்தால் வக்கீல் தம்பி சொன்ன அதே குழியில்தான் விழுந்திருப்பேன்.

டிகிரி விஷயம் அவருக்குத் தெரியுமா என்று கேட்டிருந்தீர்கள். 2022 ஏப்ரலில் டிகிரி முதல் பக்கத்தை ஃபோட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறேன். இரண்டு நாள் கழித்து "பாத்துக்கலாம் அக்கா" என்று பதில் வந்திருக்கிறது, கூடவே கும்பிடுகிற கை ஒன்று. அன்றைக்கு அதைப் பார்த்து எவ்வளவு கோபம் வந்தது. இப்போது அந்தக் கும்பிடு கை எனக்கு ஆகிவருமா?

செக் ஈரோட்டுக் கிளைதான். கணக்கு இருக்கிறதா என்று வக்கீல் மூலமாகத்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் வில்லங்கம். அவர் அப்பா பெயரில் இரண்டேகால் ஏக்கர் மேட்டாங்காடு இருக்கிறது. அப்பா 2020-ல் காலமாகிவிட்டார், உயில் இருக்கிற மாதிரி தெரியவில்லை என்று அந்த ஊரில் கட்டிக்கொடுத்த என் சித்தி மகள் சொல்கிறாள். அம்மா இருக்கிறார், ஒரு தங்கை. நிலம் காங்கேயம் பக்கம். இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அப்படியென்றால் எங்கள் கோர்ட்டிலேயே ஜப்தி கேட்டுவிடலாம்தானே?

பழைய அமீனா:

அம்மா, அங்கேதான் ஒரு சிக்கல். காங்கேயம் உங்களுக்குப் பக்கம், ஆனால் திருப்பூர் மாவட்டம். உங்கள் கோர்ட்டின் எல்லைக்குள் வராது. அதற்கும் இதே டிரான்ஸ்மிஷன் மனுதான், அனுப்பச் சொல்லும் இடம் மட்டும் காங்கேயம் கோர்ட். அத்திப்பள்ளிக்கு என்ன பேப்பரோ அதே பேப்பர் இங்கேயும். கர்நாடகாவுக்கு இவ்வளவு யோசித்தோம், காங்கேயத்துக்கும் அதே கதை.

அம்மா, மகன், மகள் மூன்று பேர்தான் வாரிசு, நிலம் அப்பா சம்பாதித்தது என்றால் அவருக்கு மூன்றில் ஒரு பங்கு. முக்கால் ஏக்கர். பூர்வீகம் என்றால் கணக்கு மாறும், தாய்ப் பத்திரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஜப்திக்கு அவருடைய பாகம் என்று குறிப்பிட்டு, சர்வே எண், நான்கு எல்லை எல்லாம் போட வேண்டும். எல்லை இல்லாமல் வந்த மனுவை நான் எத்தனை முறை திருப்பிக் கொடுத்திருக்கிறேன் தெரியுமா.

எதை முதலில் போடுவது என்று நீங்கள் கேட்கும் முன்பே சொல்கிறேன். காங்கேயம். கடைச் சரக்கு நோட்டீஸ் பார்த்ததும் நகரும், காடு நகராது. அங்கே ஜப்தி விழுந்தபின் அத்திப்பள்ளிக்குப் போனால், அவர் பேச வருகிற தோரணையே வேறாக இருக்கும்.

பெங்களூர் கறுப்புக்கோட்டு:

ஐயா சொன்ன வரிசைதான் சரி. இரண்டு இடத்தில் ஒரே சமயத்தில் நடத்தவும் சட்டத்தில் தடை இல்லை, கோர்ட் அனுமதி வேண்டும். சில கோர்ட்டில் "ஒன்று முடியட்டும்" என்பார்கள். இடையில் அவர் நிலத்தைத் தங்கை பெயருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிவிடுவார் என்ற பயம் இருந்தால் உங்கள் கோர்ட்டிலேயே 46-வது பிரிவில் ப்ரீசெப்ட், அதாவது சொத்தை ஜப்தி செய்யச் சொல்லி அந்தக் கோர்ட்டுக்கு அனுப்பும் உத்தரவு, கேட்கலாம். காங்கேயம் கோர்ட் அதை வைத்து உடனே ஜப்தி செய்யும், ஆனால் இரண்டு மாதம்தான் நிற்கும். அதற்குள் டிகிரி அங்கே போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் உங்கள் கோர்ட்டில் நீட்டிப்பு வாங்க வேண்டும்.

கும்பிடு கை நிச்சயம் ஆகும் அக்கா. டிகிரி ஃபோட்டோவும் அவர் பதிலும் ஒரே திரையில் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அந்த ஃபோனை மாற்றாதீர்கள், மெசேஜை அழித்துவிடாதீர்கள். மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் ஒன்று சேர்த்துத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும், உங்கள் வக்கீலுக்குத் தெரியும்.

கரூர் நூல் கமிஷன்:

அக்கா, பழக்கத்தில் சொல்கிறேன், நகல் மனு போடும்போதே டிகிரிக்கு மூன்று செட் கேளுங்கள். காங்கேயத்துக்கு ஒன்று, ஆனேக்கலுக்கு ஒன்று, பீரோவுக்கு ஒன்று. நான் ஒன்று மட்டும் வாங்கிவிட்டு மறுபடி நகல் பிரிவில் வரிசையில் நின்றேன். பேப்பர் கிளம்பியதும் டெஸ்பாட்ச் நம்பரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் அங்கே யாரும் தேடித் தர மாட்டார்கள்.

சென்னிமலை தறிக்காரி:

சரிங்க. திங்கட்கிழமை வக்கீலைப் பார்க்கிறேன். மூன்று செட் கேட்கிறேன். சித்தி மகளிடம் நான்கு எல்லையும் தாய்ப் பத்திர நம்பரும் கேட்டிருக்கிறேன், வடக்கே யாருடைய காடு என்பதில் அவளுக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நானே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.